முதல் 3.2

"அக்கா, நயினான்னு யாராவது நம்ம கம்பெனில வேல செஞ்சாங்களா?"

போன மாதம் ஷாமினி கேட்ட கேள்வி இது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலைக்கு வந்தவள். ஈப்போ நகரில், பழைய கடை வரிசையின் மேல்மாடியில் இருக்கும் எங்கள் கம்பெனியில் புரோகிராம்களின் எல்லாப் பதிப்புகளையும் காத்து வைக்கும் வேலை. முப்பது ஆண்டுகளில் பாதிக்கு மேல் நான் பார்த்தது அதுதான்.

"செஞ்சான். ஏன்?"

"பழைய சர்வர்ல இருந்து எல்லாத்தையும் புதுசுக்கு மாத்துறோம் லா. வேண்டாத பேருங்கள தூக்கச் சொல்லிட்டாங்க. அதுல நயினான்னு ஒண்ணு தனியா கிடக்கு. பிராஞ்சும் இல்ல, டேக்கும் இல்ல. யாருக்கும் தெரியல. தூக்கிடவா?"

தூக்காதே என்றேன். என் குரல் ஏன் அப்படி உயர்ந்தது என்று அவளுக்குப் புரிந்திருக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து அனுப்பச் சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுக்க கைப்பேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முன்பே அவள் கேட்டிருந்தாள், புதிதாக வந்தவர்கள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா, டேக்கை ஏன் நகர்த்தக் கூடாது என்று சொன்னால் எவனும் கேட்பதில்லை என்று. நானும் இரண்டு பக்கம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இது இரண்டு பக்கத்தில் அடங்காது.

நான் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் மாலை வகுப்பில் கணினி கற்றுக்கொண்டு, டைப்பிஸ்டாக நுழைந்தேன். பிறகு புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அதன் பிறகு இது. இடையில் கடந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பேருந்தில் வந்தேன், பேருந்தில் போனேன்.

கம்பெனி செய்தது ஒரு சின்னக் கருவி. கிளினிக்குகளில் இன்சுலினும் தடுப்பூசியும் வைக்கும் குளிர்பெட்டியின் மேல் பொருத்துவார்கள். பெட்டிக்குள் சூடு எட்டு டிகிரியைத் தாண்டி பத்து நிமிடம் நின்றால் மணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்தப் பத்து நிமிடத்தை எண்ணும் புரோகிராமில்தான் என் கதையும் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புரோகிராமில் ஒரு மாற்றம் செய்து சேமித்தால் அது ஒரு கமிட். ஒவ்வொரு கமிட்டுக்கும் நாற்பது எழுத்தில் ஓர் எண் தானாக விழும். அதை மனிதன் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் பெயர் வைக்கிறோம். பெயர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, அந்த எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. சீட்டு இரண்டு வகை. பிராஞ்ச் என்பது நகரும் சீட்டு. நீங்கள் புதிதாக ஒன்று சேமித்தால் அது தானாகப் புதியதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். டேக் அப்படி இல்லை. ஒட்டிய இடத்தில் நிற்கும். உலகத்துக்கு அனுப்பிய பதிப்பு எது என்று சொல்வது டேக்தான். அதில் யார் ஒட்டினார், எப்போது ஒட்டினார், என்ன சொல்லி ஒட்டினார் என்பதும் சேர்ந்தே இருக்கும்.

டேக் ஒட்டுவதை எங்கள் அலுவலகத்தில் ஒரு சடங்காகவே செய்தோம். அதை ஏற்படுத்தியவர் எங்கள் முதலாளி தேவராஜ். அன்றைக்கு எல்லோரும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நிற்க வேண்டும். நான் அந்த நாற்பதில் முதல் ஏழு எழுத்தை உரக்கப் படிப்பேன். தேவராஜ் தன் கணினியைப் பார்த்து அதே ஏழையும் திருப்பிச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போனால் டேக் ஒட்டுவேன். புதிதாக வந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். "கோயில்ல நிக்கிற மாதிரி இருக்கு கா" என்பான் நயினா. நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், அவன் பள்ளிவாசலுக்குப் போகிறவன். இரண்டு பேரும் ஒழுங்காக எழுந்து நின்றது அந்த ஏழு எழுத்துக்குத்தான்.

நயினா முகம்மது எங்கள் மூன்று புரோகிராமர்களில் ஒருவன். குடும்பம் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தது. அண்ணனோடு கடையில் நிற்காமல் கணினிக்கு ஓடி வந்துவிட்டான் என்று வீட்டில் அவன் மேல் வருத்தம். மதியம் கடையிலிருந்து மீன் கறி கொண்டு வந்து என் சோற்றில் பாதியை ஊற்றுவான். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டான்.

தேவராஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதையும் எழுதித் தரவும் மாட்டார். ஏதாவது வேண்டுமென்றால் ஒரு நாற்காலியை இழுத்து என் மேசைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "முடியுமா செசிலி?" என்பார். உத்தரவு போடுகிற ஆளிடம் முறைத்துக்கொள்ளலாம். முடியுமா என்று கேட்கிறவரிடம் என்ன செய்வது? நான் ஒருமுறைகூட முடியாது என்றதில்லை.

3.2-க்கு டேக் ஒட்டிய அன்றும் எல்லோரும் எழுந்து நின்றோம். நாலு, சி, ஒன்பது, ஒன்று, ஈ, சைபர், பி. படித்தேன், அவர் திருப்பிச் சொன்னார், ஒட்டினேன். அன்று மாலையே நயினா அதைத் தன் கணினிக்கு எடுத்துக்கொண்டான். மறுநாள் இரண்டு கிளினிக்குகளில் புதிய கருவிகளைப் பொருத்தினார்கள்.

மூன்றாம் நாள் தேவராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார். கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு வரி விட்டுப்போச்சு செசிலி. கரெண்டு போயி வந்தா பத்து நிமிஷம் மறுபடி மொதல்லருந்து எண்ணுது. திருத்தியாச்சு. டேக்க மட்டும் புதுசுக்கு மாத்திடலாம். முடியுமா?"

"அது 3.2.1-னு தான பாஸ் போகணும்?"

"போகணும். ஆனா ஃபாரம் எல்லாம் 3.2-ன்னு அச்சடிச்சு கையெழுத்தும் வாங்கியாச்சு. மாத்தினா மூணு வாரம் வேல நிக்கும். ரெண்டே இடத்துலதான் போட்டிருக்கு. நாளைக்கே ஆள் போயி மாத்திடுவான்."

அவர் சொன்னது எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. டேக்கை எடுத்தேன். புதிய கமிட்டில் ஒட்டினேன். பழைய பெயர் இருக்கும்போது அதே பெயரில் இன்னொன்றை சர்வர் சும்மா ஏற்காது, வலுக்கட்டாயமாகத் திணிக்க வேண்டும். திணித்தேன். யாரும் எழுந்து நிற்கவில்லை. ஏழு எழுத்தை யாரும் படிக்கவில்லை.

மறுநாள் போன ஆள் முதல் கிளினிக்கில் மாற்றிவிட்டான். இரண்டாவது, செமோருக்கு உள்ளே, முன்பு தோட்டமாக இருந்த இடத்தில் ஒரு டாக்டர் வைத்திருந்த கிளினிக். அங்கே கருவியைத் திறந்து பார்த்தான். திரையில் 3.2 என்று இருந்தது. கையில் இருந்த தாளிலும் 3.2. சரிதான், ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, "3.2 இருக்கு" என்று தாளில் குறித்துவிட்டுத் திரும்பிவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. இரண்டு வேறு பொருளுக்கு ஒரே பெயரை வைத்தவள் நான்.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மாலை செமோரில் இடியும் மழையும். விடியும்வரை கரெண்டு போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. குளிர்பெட்டி நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை கரெண்டு வந்தபோதும் கருவி பத்து நிமிடத்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கும். முடிப்பதற்குள் மறுபடி போயிருக்கும். மணி அடிக்கவில்லை. அன்றிரவு கிளினிக்கில் தங்கியிருந்தது கமலா என்கிற உதவியாள் மட்டும். பதினொரு வருடமாக அங்கே வேலை செய்தவர். விடிந்து பார்த்தபோது மருந்து எல்லாம் கெட்டிருந்தது.

மணி அடிக்கவே இல்லை என்றார் கமலா. அடித்திருக்கும், தொந்தரவாக இருக்கிறது என்று நீ பட்டனை அமுக்கியிருப்பாய் என்றார்கள். கருவியைச் சோதிக்கலாம் என்றால், தேவராஜ் முதல் வேலையாக அதைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே இருந்த புரோகிராமை அழித்து, புதியதைப் போட்டு அனுப்பிவிட்டார். முன்னெச்சரிக்கைக்காக என்றார்.

எங்கள் அலுவலகத்தில் 3.2-ஐ சோதித்துப் பார்க்கும் வேலையை நயினாவிடம் கொடுத்தார்கள். மதியத்துக்குள் என் மேசைக்கு வந்துவிட்டான்.

"அக்கா, என்கிட்ட இருக்கிற 3.2 அடிக்கல லா. கரெண்ட கட் பண்ணி கட் பண்ணி பாத்துட்டேன். பாஸ் சர்வர்ல இருக்கிறத ஓட்டிக் காட்டினாரு, அது அடிக்குது. ரெண்டும் 3.2. எப்படிக் கா?"

எப்படி என்று எனக்குத் தெரியும். சர்வரில் டேக்கை நகர்த்தினாலும், முன்பே அதை எடுத்து வைத்திருப்பவனின் கணினி தன் சீட்டை மாற்றிக்கொள்ளாது. அந்தப் பெயர் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று பேசாமல் இருந்துவிடும். பிறகு நூறு முறை சர்வரிலிருந்து எடுத்தாலும் பழையதுதான். மற்ற இரண்டு புரோகிராமர்களும் புதுக் கணினி வாங்கி எல்லாவற்றையும் புதிதாக எடுத்தவர்கள். என் கணினியில் நானே மாற்றியிருந்தேன். முதலில் ஒட்டிய 3.2, என் பெயரோடும் அந்த நாளோடும், உலகத்தில் நயினாவின் கணினியில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. பழைய கமிட் எங்கேயும் போய்விடவில்லை, வரிசையில் இருந்தது. ஆனால் அதற்கு 3.2 என்று ஒருகாலத்தில் பெயர் இருந்தது என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

"பாஸ் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"என் காப்பி கெட்டுப்போச்சாம். அழிச்சிட்டு புதுசா எடுத்துக்கன்னாரு. நீங்க சொல்லுங்க கா. அழிக்கவா?"

கண்ணாடி அறைக்குள் தேவராஜ் தலை குனிந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுதான் என் அம்மா இறந்திருந்தார். எனக்கு வீட்டில் யாரும் இல்லை. இந்த மேசையும் இந்த வேலையும்தான் இருந்தது. இதையெல்லாம் இப்போது காரணமாகச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது பயம் மட்டும்தான்.

"அழிச்சிடு" என்றேன்.

"சரி கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

டாக்டர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தேவராஜ் ஓட்டிக் காட்டினார், மணி அடித்தது. அந்த ஆள் குறித்த தாளையும் காட்டினார், 3.2 இருக்கு. அதற்கு மேல் என்ன வேண்டும்? கமலாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மருந்தைக் கெடுத்தவள் என்று அந்த வட்டாரத்தில் பேர் வைத்தார்கள். வேறு எந்த கிளினிக்கும் எடுக்கவில்லை. ஒரு துணி வெளுக்கும் கடையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஒரு மாதத்தில் நயினாவும் வேலையை விட்டுவிட்டான். தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு கார் ஆலையில் வேலை. கடைசி நாளில் எல்லோரிடமும் கை கொடுத்தான். என்னிடம், "வாரேன் கா. எப்ப வேணும்னாலும் போன் அடிங்க" என்றான். அடிக்கவில்லை.

அவன் போன பிறகு மதியச் சோற்றைப் பாதியிலேயே மூடி வைத்துவிடுவேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்து செமோருக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்றார். இல்லை, அழிக்கச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் தேவராஜை அழைத்துக் கேட்டார். தேவராஜ் கோபப்படவில்லையாம். அம்மா போனதிலிருந்து செசிலிக்கு மனசு சரியில்லை, நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொன்னாராம்.

அங்கிருந்து கமலா வீட்டுக்குப் போனேன். இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பூட்டு தொங்கியது. நான் செய்ததைச் சொன்னேன்.

"அத டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

"சொல்லிட்டேன். நம்பல."

"அப்போ எங்கிட்ட சொல்லி என்னா செய்ய?"

அவர் உள்ளே போய்விட்டார். பேருந்துக்கு நடந்து வந்தேன்.

நீ ஏன் அந்த வேலையை விடவில்லை என்று கேட்பீர்கள். ஐம்பதைத் தாண்டியவளை யார் எடுப்பார்கள்? தேவராஜ் என்னை நீக்கவும் இல்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. என் மேசைப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். டேக் ஒட்டும்போது எழுந்து நிற்பதும் நின்றுபோனது. வேண்டியதை மின்னஞ்சலில் அனுப்புவார், நான் ஒட்டுவேன். மற்றவர்களுக்கு விஷயம் பாதி தெரியும். முதலாளியைக் காட்டிக்கொடுக்கப் போனவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் தைரியம் இல்லை. ஏழு வருடம் தனியாகச் சாப்பிட்டேன். பிறகு தேவராஜ் கம்பெனியை விற்றுவிட்டு மகனோடு வெளிநாடு போனார். நானும் ஓய்வு பெற்று லகாட்டில் என் வீட்டில் இருக்கிறேன். இப்போதும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். அரை டம்ளர் அரிசி போதும்.

ஷாமினி அனுப்பியது மறுநாள் காலை வந்தது.

பெயர்களை சர்வர் வைத்திருப்பதை மேசையில் இழுத்துத் திறக்கும் இரண்டு லாச்சியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பிராஞ்ச், மற்றதில் டேக். நாங்கள் தினமும் திறப்பது இந்த இரண்டை மட்டும்தான். ஆனால் விஷயம் தெரிந்தவன் மூன்றாவதாக ஒரு லாச்சியைத் தானே செய்து அதில் ஒரு பெயரை வைக்க முடியும். வழக்கமான பட்டியலில் அது வராது. வழக்கமாக எடுக்கும்போது வராது. ஆனால் அந்தப் பெயர் இருக்கும்வரை அதன் கீழே உள்ளதை சர்வர் குப்பை என்று தள்ளாது. சர்வரை அப்படியே அச்சாக வேறிடத்துக்கு மாற்றும்போதுதான் எல்லா லாச்சியும் சேர்ந்து வரும். அந்த சர்வரை யாரும் முன்பு இடம் மாற்றியதில்லை. ஷாமினிதான் முதலில் மாற்றியவள்.

நயினா அழிக்கத்தான் செய்தான். அழிப்பதற்கு முன்னால் என் முதல் 3.2-ஐ மூன்றாவது லாச்சியில் போட்டுவிட்டான். டேக்கின் மேலேயே இன்னொரு டேக் ஒட்டலாம். அவன் ஒட்டியிருந்தான். உள்ளே என் பெயர், நான் ஒட்டிய நாள், அந்த நாற்பது எழுத்து. வெளியே அவன் பெயரும், நான் அழிக்கச் சொன்ன அதே நாளும், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரியும்.

"இது அக்கா போட்ட முதல் 3.2. அக்கா கேட்டா கொடுக்கணும்."

டாக்டர் ஆதாரம் கேட்ட அன்று அது சர்வரில்தான் இருந்தது. தினமும் நான் காவல் காத்த அதே சர்வரில். ஒரே ஒரு போன் அடித்திருந்தால் போதும். அழிச்சிடு என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது என்று வெட்கப்பட்டு நான் அடிக்கவில்லை. என் வெட்கத்துக்கு கமலா கொடுத்தது தன் வேலையை. இதை எப்படிச் சுற்றி எழுதினாலும் அதுதான்.

ஏழு எழுத்தை உரக்கப் படித்துப் பார்த்தேன். நாலு, சி, ஒன்பது, ஒன்று, ஈ, சைபர், பி. வீட்டில் திருப்பிச் சொல்ல ஆள் இல்லை.

நயினாவின் அண்ணன் கடைக்குப் போய் எண் வாங்கினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். குரல் கனத்திருந்தது.

"நான் செசிலி பேசுறேன்."

"தெரியுது கா. பாத்துட்டீங்களா?"

"ஏன்டா நீ அப்பவே எங்கிட்ட சொல்லல?"

"நானா போயி காட்டியிருந்தா உங்க வேல போயிருக்கும் கா. நீங்க சொல்ற அன்னிக்கு கையில இருக்கட்டும்னுதான் வச்சேன். நீங்க ஒரு போன் அடிப்பீங்கன்னு இருந்தேன். அப்புறம் வருஷமாயிருச்சு. அந்த அக்காவ நினைச்சா எனக்கும் தப்புதான் கா. நானும் வாய மூடிட்டுத்தான போனேன்."

நான் அழுதேன். அவன் போனை வைக்கவில்லை.

ஷாமினி அனுப்பியதை இரண்டு தாளில் அச்செடுத்தேன். ஒன்றை செமோர் கிளினிக்கில் கொடுத்தேன். இப்போது அந்த டாக்டரின் மகள் பார்க்கிறார். என்ன நடந்தது என்று கடிதமும் எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்தேன். படித்துவிட்டு அழைப்பதாகச் சொன்னார். மற்றதை எடுத்துக்கொண்டு கமலா வீட்டுக்கு நடந்தேன்.

அதே கேட்டு. அதே இடத்தில் பூட்டு. அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது, வா என்று சொல்லவில்லை. கம்பிக்கு இடையில் தாளை நீட்டினேன். அன்றைக்கு உங்கள் மெஷினில் இருந்தது இதுதான், அது அடிக்காது, ஆதாரம் கிடைத்துவிட்டது என்றேன். கண்ணாடி எடுத்து வந்து போட்டுக்கொண்டு, தாளை எட்டப் பிடித்துப் பார்த்தார். எண்ணும் எழுத்துமாக இருந்ததில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு பேரு?"

"என் பேரு. ஒரே பேர ரெண்டுக்கு ஒட்டினது நான்தான்."

"இது?"

"நயினா. அழிஞ்சு போகாம எடுத்து வச்சவன்."

மேலிருந்து கீழ் வரை மறுபடி தேடினார்.

"என் பேரு எங்க?"

"எங்கயும் இல்ல கமலா."

தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். போய்விட்டார் என்று நினைத்துத் திரும்பினேன். பின்னால் சாவிச் சத்தம் கேட்டது. பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றேன்.